கோழித் தீவன ஆய்வுகளைச் சக வளர்ப்பாளர்களிடம் பிழையில்லாமல் கொண்டுசேர்ப்பது எப்படி?

கேள்வி: சாத்தூர் சிறுவிடை

அனைவருக்கும் வணக்கம். சாத்தூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஆறு ஆண்டுகளாகச் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகையை வளர்த்து வருகிறேன். இப்பொழுது என்னிடம் தாய்க்கோழிகள் இருபத்தெட்டும் சேவல்கள் நான்கும் உள்ளன. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்போர் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்பதால், கோழித் தீவனம் குறித்து ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றின் சாரத்தைத் தமிழில் எழுதி வாரம் ஒரு முறை குழுவில் இடும் வேலையை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். ஒன்றரை ஆண்டுகளாக அது நல்லபடியாகத்தான் நடந்து வந்தது.

கடந்த ஆவணி மாதத்தில் ஓடு மெலிந்த முட்டைகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில், “கோழிகளுக்குத் தீவனத்தில் 3.25 விழுக்காடு கால்சியம் தேவை என்று அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமத்தின் அட்டவணை கூறுகிறது, சுண்ணாம்புக்கல் தூளைத் தீவனத்தில் கலந்து இக்குறையைச் சரிசெய்யலாம்” என்று இருந்தது. குழுவில் உள்ள பெரியவர் ஒருவர் அதை நம்பி, கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனம் 25 கிலோவில் 2 கிலோ சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, ஏழு வாரக் குஞ்சுகள் முப்பத்து நான்குக்கும் அதையே போட்டு வந்திருக்கிறார். மூன்று வாரத்தில் பதினொரு குஞ்சுகள் இறந்துபோயின. இறந்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது நானும் உடன் இருந்தேன். ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வின் மேலும் வெள்ளையடித்தது போல ஒரு மாவு படிந்திருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கி வெளிறிப் போயிருந்தன. அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. “நீங்கள் நல்லதற்குத்தானே எழுதினீர்கள்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் குழுவில் எதுவும் எழுதவில்லை.

இப்பொழுது அசோலாவைப் பற்றி, அதாவது தொட்டி நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியைப் பற்றி, எழுதுமாறு பலரும் கேட்கிறார்கள். அசோலாவில் 25 விழுக்காடு புரதம் உள்ளது, ஆகவே தீவனச் செலவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று ஒரு காணொளி எங்கள் குழுவில் சுற்றி வருகிறது. புரத அளவு ஆய்வுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதத் துணிவு வரவில்லை.

குஞ்சுகள் இறந்தது கால்சியத்தால்தானா என்பதை அறிந்தவர்கள் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, எழுத்தறிவு பலவிதமாக உள்ள ஒரு குழுவில் இத்தகைய எண்களை எப்படிப் பகிர்வது, அல்லது பகிராமலே இருப்பதுதான் நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

வணக்கம் நண்பரே. நீங்கள் கண்ட வெள்ளைப் படிவு சுண்ணாம்பு அன்று. அது யூரிக் அமிலத்தின் உப்பு. கோழிக்கு நம்மைப் போல நீராகச் சிறுநீர் பிரிவதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அந்தப் பகுதியே அதன் சிறுநீர். சிறுநீரகம் பழுதுபட்டால் அந்த உப்பு வெளியேற வழியின்றி உள்ளுறுப்புகளின் மேல் படிந்துவிடுகிறது. பழுதுக்குக் காரணம் கால்சியம் மட்டும்தான் என்று அறுத்துப் பார்த்த அளவில் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வெயில் நாளில் தண்ணீர்த் தட்டு வெகுநேரம் வறண்டு கிடந்தாலும், மூச்சுக்குழல் அழற்சிக் கிருமியில் சிறுநீரகத்தைத் தாக்கும் வகை பரவியிருந்தாலும், சில பூஞ்சை நச்சுகளாலும் இதே காட்சியைக் காணலாம்.

ஆனால் நீங்கள் கொடுத்துள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தில் ஏற்கெனவே ஒரு விழுக்காடு அளவுக்குக் கால்சியம் இருக்கும். 25 கிலோவில் அது 250 கிராம். சுண்ணாம்புக்கல் தூளில் ஏறத்தாழ 38 விழுக்காடு கால்சியம் என்பதால், 2 கிலோவில் 760 கிராம். மொத்தம் 1,010 கிராம் கால்சியம் 27 கிலோ தீவனத்தில் கலந்திருக்கிறது. அதாவது ஏறத்தாழ 3.7 விழுக்காடு. ஏழு வாரக் குஞ்சுக்கு அதே அமெரிக்க நூல் சொல்வது 0.8 விழுக்காடு. நான்கு மடங்குக்கும் மேலான அளவைச் சில வாரங்கள் தொடர்ந்து தின்ற குஞ்சுகளின் சிறுநீரகம் தாங்காது. முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் கோழிகளுக்குப் போடக் கூடாது என்று நாங்கள் பணியில் இருந்த காலமெல்லாம் சொல்லி வந்ததற்கு இதுவே முதற்காரணம். ஆகவே கால்சியத்தின் மேல்தான் என் ஐயம் வலுவாக விழுகிறது. எஞ்சிய குஞ்சுகளுக்கு அந்தக் கலவையை உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 3.25 என்ற எண்ணுக்கு வருவோம். அது 1994-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமம் வெளியிட்ட நூலில் உள்ளது. அதன் முட்டைக்கோழி அட்டவணையில் கால்சியத்துக்கு ஒரே வரியில் மூன்று எண்கள் உள்ளன. நாளுக்கு 80 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு 4.06, 100 கிராம் தின்பதற்கு 3.25, 120 கிராம் தின்பதற்கு 2.71. மூன்றையும் தின்னும் அளவால் பெருக்கினால் கிடைப்பது ஒன்றே: நாளுக்கு 3.25 கிராம். கோழியின் தேவை கிராமில்தான் இருக்கிறது. விழுக்காடு என்பது அது எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நீங்கள் எடுத்து எழுதியது நடு எண்ணை மட்டுமே. அந்தக் கோழியும் கூண்டில் இருந்து அன்றாடம் முட்டையிடும் வெள்ளை லெகார்ன் வகை. அதை எழுதாமல் விட்டதால்தான் உங்கள் குறிப்பில் “கோழிகளுக்கு” என்ற ஒரு சொல் குஞ்சு, சேவல், அடைக்கோழி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது.

உங்கள் சிறுவிடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். முட்டை 42 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், ஓடு அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 4 கிராம். ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால், அதில் கால்சியம் ஏறத்தாழ ஒன்றரை கிராம். தின்னும் கால்சியத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவே உடலில் சேரும் என்பதால், முட்டையிடும் நாளில் 3 கிராம் அளவுக்குத் தேவைப்படும். ஆனால் சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சுகளோடு திரியும். அந்த வாரங்களில் அதற்கு இந்த 3 கிராம் வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் எல்லாத் தீவனத்திலும் சுண்ணாம்புக்கல்லைக் கலப்பது இந்த வகைக் கோழிக்குப் பொருந்தாத முறை. கிளிஞ்சலை உடைத்துத் தனித் தட்டில் வைத்துவிட்டால், முட்டையிடும் கோழி மாலை வேளையில் தேடி வந்து கொத்தும். இது வெறும் பழக்கமன்று. ஓடு உருவாவதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பங்கு இரவில் நடக்கிறது. முட்டை உருவாகும் நாளில் கோழிக்குக் கால்சியத்தின் மேல் தனி நாட்டம் ஏற்படுவதும் ஆய்வுகளில் உறுதிசெய்யப்பட்ட ஒன்றே. பொடியாக அரைத்தது விரைவில் குடலைக் கடந்துவிடும். சோள மணி அளவுக்கு உடைத்தது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரையும்.

அசோலாவிலும் இதே வகைப் பிழை காத்திருக்கிறது. அந்த 25 விழுக்காடு உலர்ந்த அசோலாவுக்கு உரியது. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ பச்சை அசோலாவை முழுதும் உலர்த்தினால் 60, 70 கிராம் தேறும். அதில் புரதம் 15 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கில், அதாவது 35 கிராமில், அதே புரதம் கிடைத்துவிடும். பச்சை அசோலாவைப் போட்டுத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் கோழி தண்ணீரால் தீனிப்பையை நிரப்பிக்கொண்டு பசியோடு நிற்கும். தீவனத்தைக் குறைக்காமல் கீரையைப் போல ஒரு கை போடுவதில் எந்தத் தவறும் இல்லை. மஞ்சள் கரு நல்ல நிறம் பெறும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்தக் கூடாது என்பதே என் வேண்டுகோள். எண்ணை எழுதும்போது, எந்தக் கோழி, எத்தனை வாரம், நாளுக்கு எவ்வளவு தின்றது, உலர்ந்த நிலையிலா பச்சையாகவா, எதற்குப் பதிலாகப் போட்டார்கள் என்பவற்றையும் அந்த எண்ணோடு ஒரே வாக்கியத்திற்குள் எழுதிவிடுங்கள். அடுத்த பத்தியில் எழுதினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

மறுமொழி 2: மேய்ச்சல்காரன், சிவகங்கை

ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். இந்த அட்டவணைகள் அனைத்தும் கூண்டில் அடைத்து வளர்க்கும் கோழிகளை வைத்து எழுதப்பட்டவை. எங்கள் கோழிகள் விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கியவுடன் குப்பைமேடு, கண்மாய்க்கரை, அறுத்த வயல் என்று எங்கும் திரிந்து, கரையான், புழு, புல்நுனி, சிந்திய நெல் எனத் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்துத் தின்கின்றன. பழைய பானையில் சாணமும் நனைத்த வைக்கோலும் அடைத்து மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிட்டு வளர்த்தவர் என் தாயார். அவர் எந்த ஆய்வையும் படித்ததில்லை. அரைகுறையாகப் படித்த எண்களைப் பரப்புவதைவிட, பட்டறிவைப் பரப்புவது பாதுகாப்பானது என்றே கருதுகிறேன். சாத்தூர் நண்பருக்கு நேர்ந்ததும் அதைத்தான் காட்டுகிறது.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

சிவகங்கை நண்பருக்கு: தாயார் கரையான் பானை வைத்ததை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். குஞ்சின் முதல் வாரங்களில் அதைவிடச் சிறந்த புரத உணவு கிராமத்தில் எளிதில் கிடைக்காது. பரந்து மேயும் கோழிக்கு அட்டவணை அப்படியே பொருந்தாது என்பதும் சரியே. ஆனால் இன்றைக்கு உங்களைப் போல் மேய்ச்சல் நிலம் உள்ளவர்கள் எத்தனை பேர்? வலை அடித்த கால் ஏக்கருக்குள் நூறு கோழிகளை விட்டு, ரேஷன் அரிசியையும் குருணையையும் மட்டும் போட்டு வளர்ப்பவர்களைத்தான் நான் மிகுதியாகப் பார்த்தேன். வலைக்குள் பத்து நாளில் புல்லும் புழுவும் தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் கோழிக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. நாம் போடுவதே அதன் உலகம்.

அரிசியை மட்டும் தின்ற கோழிக்கு என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு கோழிக்கொட்டிலில்தான். 1890-களை ஒட்டி ஜாவாத் தீவில், அன்றைய படேவியாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், மனிதரின் கால்களைத் தளரச்செய்யும் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வகக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து தள்ளாடின. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடைப்பட்ட காலத்தில் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்த பின்னரே அவை தேறியதும் தெரியவந்தன. தவிடு சேர்த்துக் கொடுத்தால் நோய் நீங்குவதை எய்க்மான் சோதித்து உறுதிப்படுத்தினார். ஆனால் காரணத்தை அவர் தவறாகத்தான் ஊகித்தார்: மாவுப்பொருளில் ஒரு நச்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் எண்ணினார். தீட்டும்போது நீங்கிவிடும் ஏதோ ஒரு சத்தின் குறைபாடுதான் நோய் என்று 1901-இல் விளக்கியவர் அவருக்குப் பின் அங்கு பணிபுரிந்த கெரிட் கிரைன்ஸ். அந்தச் சத்துதான் பின்னர் தயாமின் (வைட்டமின் பி1) என்று பெயர் பெற்றது. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணால் கண்டது சரியாக இருந்தும் அதற்குச் சொல்லும் காரணம் தவறாக இருக்கக்கூடும். பட்டறிவில் அடிக்கடி நேர்வது இதுதான். “அசோலா போட்டேன், முட்டை கூடியது” என்பார்கள். அந்த மாதத்தில் பகற்பொழுது நீண்டதைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆய்வில் அசோலா போடாத கோழிகளையும் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

மறுமொழி 4: பஞ்சாரம், மணப்பாறை

வணக்கம். நான் பெண்கள் குழு ஒன்றில் இதே வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சாத்தூர் அண்ணன் மனம் தளர வேண்டாம். என் அனுபவத்தில் தவறு நேர்ந்த இடங்கள் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அளவை. ஆய்வில் உள்ள பங்குகள் அனைத்தும் எடைக் கணக்கு. எங்கள் வீடுகளில் இருப்பதோ படியும் பெயின்ட் டப்பாவும்தான். மக்காச்சோளம் 60 கிலோ, சோயா புண்ணாக்கு 30 கிலோ, தவிடு 10 கிலோ என்று நான் எழுதியதை ஒருவர் 60 டப்பா, 30 டப்பா, 10 டப்பா என்று அளந்து கலந்தார். ஒரு டப்பா தவிட்டின் எடை ஒரு டப்பா மக்காச்சோளத்தின் எடையில் பாதி கூட இராது. அவருக்கு அதனால் பெருங்கேடு வரவில்லை என்றாலும், தாது உப்பையும் அப்படி அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் பிறகு எங்கள் ஊர் டப்பாவிலேயே ஒவ்வொரு பொருளையும் தலைதட்டி அளந்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, “ஒரு டப்பா தவிடு இத்தனை கிராம்” என்று ஓர் அட்டையில் எழுதிக் கொட்டில் சுவரில் ஒட்டிவைத்தோம். எண்கள் வந்தால் அந்த அட்டையின் வழியாகத்தான் குழுவுக்குள் வரும்.

இரண்டாவது, சொல். “சுண்ணாம்பு சேர்க்கவும்” என்று ஒரு குறிப்பில் பார்த்த பெண் ஒருவர் வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைக்கப் போனார். நல்லவேளையாக, எவ்வளவு என்று கேட்க எனக்குப் போன் செய்தார். நீற்றிய சுண்ணாம்பு வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். நம் மொழியில் சுண்ணாம்பு என்றாலே வெற்றிலைக்குத் தடவுவதும் சுவரில் அடிப்பதும்தான் நினைவுக்கு வரும். ஆகவே “கிளிஞ்சல்” என்றோ, “கழுவிக் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடு” என்றோதான் இப்பொழுது எழுதுகிறேன். எழுதியதைக் குரல்பதிவாகவும் போடுகிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர் படிப்பதைவிடக் கேட்பதையே விரும்புகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றி ஐயா சொன்னதையும் நாங்கள் சிறிய அளவில் செய்து பார்த்தோம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பஞ்சாரத்துக்குக் குருணை மட்டும், மற்றதற்குக் குருணையோடு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கொடுத்து, ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். நான்காவது வாரத்தில் தராசே தேவைப்படவில்லை. குருணைக் குஞ்சுகளின் இறகு அரைகுறையாக முளைத்து முதுகுத்தோல் தெரிந்தது. குருணையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு புரதம்தான், குஞ்சுக்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல் வேண்டும் என்று நான் இரண்டு ஆண்டுகளாகச் சொன்னதை நம்பாதவர்கள் அந்த முதுகைப் பார்த்ததும் நம்பினார்கள். பார்த்தவுடன் எல்லாக் குஞ்சுகளுக்கும் நல்ல கலவையையே கொடுத்துவிட்டோம். எனினும் இதை ஆய்வு என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. பத்துக் குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து தூக்கிப் போனாலே கணக்கு மாறிவிடும்.

கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது எளிதாகப் பூஞ்சை பிடிக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குப் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சே காரணம். அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அதைத் தொடர்ந்துதான் வந்தது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகலாம், நச்சு போகாது. இதை எங்கள் குழுவில் ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் மீண்டும் போடுகிறேன்.

மறுமொழி 5: ஆய்வு மாணவி

எவற்றைப் படிக்கலாம், எவற்றைப் பகிரலாம் என்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஐயா குறிப்பிட்ட 1994-ஆம் ஆண்டு நூலை அமெரிக்க தேசியக் கழகங்களின் பதிப்பகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அதன் பிறகு கோழியினங்கள் வெகுவாக மாறிவிட்டன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டுக்கு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் வெளியிட்ட சத்துத் தேவை வெளியீடு உள்ளது. புண்ணாக்கு, தவிடு, அசோலா போன்ற ஒவ்வொரு பொருளின் சத்துக்கும் ஃபீடிபீடியா தளம் மிகவும் பயனுள்ளது. அங்கே ஈரப்பதமும் உலர்ந்த நிலைச் சத்தும் தனித்தனியே இருப்பதால், மேலே பேசிய பிழை நேராமல் தப்பலாம். ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ ஆய்விதழ் 2020 முதல் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் நாட்டுக்கோழிகளை வைத்துச் செய்த ஆய்வேடுகளைக் கிரிஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் தேடலாம். நம் தேவைக்கு அவைதான் மிக நெருக்கமானவை. ஆங்கிலம் கடினமாக இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் கோழி வளர்ப்புப் பகுதி தமிழிலேயே உள்ளது.

இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது என்பதாலேயே முழுக் கட்டுரையையும் மொழிபெயர்த்துப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. முதற்பக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பாருங்கள். சில உரிமங்கள் மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்க இடம் தருகின்றன. சில, மாற்றிய வடிவத்தைப் பரப்பக் கூடாது என்கின்றன, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். கண்டறிந்தவற்றை நம் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதி, கட்டுரையின் இணைப்பைக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. சாத்தூர் அண்ணன் செய்து வந்ததும் அதுதான்.

ஒரு வேண்டுகோள்: சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுத வேண்டாம். எந்த வயதுக் கோழி, எத்தனை கோழி, எத்தனை நாள் என்பவை ‘முறைகள்’ என்ற பகுதியில்தான் முழுமையாக இருக்கும். முழுக் கட்டுரை கட்டணத்துக்குள் இருந்தால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

மறுமொழி 6: சாத்தூர் சிறுவிடை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஐயா சொன்ன கணக்கை நேற்று அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவரோடு சேர்ந்தே போட்டுப் பார்த்தேன். மீதிக் குஞ்சுகளுக்கு அந்தக் கலவையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதன் பிறகு இறப்பு எதுவும் இல்லை. பழைய குறிப்பில் என்ன தவறு என்பதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாகப் பின்வருவதை இடலாம் என்று இருக்கிறேன். திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.

“முட்டையிடும் பருவத்துக்கு வந்த கோழிகளுக்கு மட்டும்: கிளிஞ்சலைச் சோள மணி அளவுக்கு உடைத்து, தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில் எப்போதும் வைத்திருக்கவும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கும் வளரும் கோழிகளுக்கும் கிளிஞ்சல் தூளோ முட்டைக்கோழித் தீவனமோ கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையும் எந்தக் கோழிக்கும் கொடுக்கக் கூடாது.”

இதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, “என் தாய்க்கோழியும் குஞ்சும் ஒரே கொட்டிலில்தானே இருக்கின்றன, தட்டை எங்கே வைப்பது?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

மறுமொழி 7: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

மிகச் சரியான கேள்வி. அதன் விடையையும் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். தட்டைத் தரையில் வைக்காமல், முட்டையிடும் கோழி நிற்கும்போது அதன் முதுகு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் சுவரிலோ கம்பத்திலோ கட்டிவிடச் சொல்லுங்கள். சிறு குஞ்சுக்கு அது எட்டாது. அருகில் கல்லோ செங்கல்லோ கிடந்தால் ஏறிவிடும், அதையும் அப்புறப்படுத்த வேண்டும். பாதி வளர்ந்த குஞ்சுகள் எப்படியும் எட்டிப் பிடித்துவிடும் என்பதால், அவற்றை வேறு கொட்டிலுக்கு மாற்ற இயலாதவர்கள், மாலையில் தாய்க்கோழிகள் அடையும் இடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் தட்டை வைத்துவிட்டு எடுத்துவிடலாம். “சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும்” என்பதை “தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டு இறக்கக்கூடும்” என்று மாற்றுங்கள். ஒன்றிரண்டு துணுக்கைக் கொத்திய குஞ்சைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. மற்றபடி குறிப்பை அப்படியே இடலாம்.